மருந்து கேட்கவில்லை

மானூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் கடை.
உரம், விதை, பூச்சிமருந்து, களைக்கொல்லி.
ஐப்பசி பத்தாம் தேதி முப்பிடாதி வந்து
காலிப் பாக்கெட்டைக் கல்லாமேல் போட்டாள்.
“மருந்து கேக்கல.
நாப்பது நாள் நிக்கும்னு சொன்னீரு.
பதினெட்டாம் நாளே சாரணை படர்ந்து சிரிக்கு.
டூப்ளிகேட்டா?”

புகார் நோட்டில் அந்த வருடம் அவள் ஏழாவது ஆள்.
ஏழு பேருக்கும் கரிசல் புஞ்சை,
ஒன்பது வருடமாய் மக்காச்சோளம், அட்ரசின்,
கடையும் இதே கடை.
கம்பெனிப் பையன் பைக்கில் வந்தான்.
பேட்ச் எண் பார்த்தான். சரக்கு சுத்தம்.
“டோஸை ரெட்டையாக்கச் சொல்லுங்க அண்ணாச்சி.”

சொல்லியிருப்பேன்.
எதற்கும் பார்ப்போமென்று
இரண்டு தயிர் டப்பாவில் மண் அள்ளினேன்.
ஒன்று முப்பிடாதி புஞ்சை.
மற்றது சுடலைமாடன் கோயில் திட்டு.
கொடைக்குக் கொடை கிடாய் ரத்தம் குடித்ததல்லாமல்
வேறொன்றும் குடித்தறியாத மண்.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகத்தில் ஜொஹரா டீச்சர்,
மேலப்பாளையத்துக்காரர்,
மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு
ஒரு மாதம் கேட்டார்.

கோயில் மண்ணில் விட்ட மருந்து
ஏறக்குறைய விட்டபடியே கிடந்தது.
புஞ்சை மண்ணில்
ஐந்தே நாளில் பாதியைக் காணோம்.
“யாரு எடுத்தா?” என்றேன்,
களவு கொடுத்தவன் மாதிரி.

கண்ணாடித் துண்டைக் காட்டினார்.
நறுக்கிப்போட்ட விளக்குமாற்றுக் குச்சிகள்,
ஆனால் துள்ளுகின்றன.
முதலில் குளோரினைக் கழற்றுமாம்,
கதவுக் கொண்டியைக் கழற்றுவதுபோல.
அத்தோடு களையைக் கொல்லும் வலு போச்சு.
பிறகு இரண்டு பக்கத்துக் கைகளையும்
ஒவ்வொன்றாக.
நடுவளையத்தை அவிழ்க்க எல்லாவற்றாலும் ஆகாது.
ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று தொடங்கும்.
முடிவில் மிச்சம் கொஞ்சம் தழைச்சத்து,
நாம் விடும் மூச்சுக்காற்று கொஞ்சம்.

“உங்க மருந்துல நைட்ரஜன் இருக்கே.
பசிச்சவங்க விடுவாங்களா?”

திறக்கக் கற்றது
சாவியை நகல் எடுத்துப்
பக்கத்திலிருக்கும் அந்நியனுக்கும் கொடுத்துவிடுமாம்.
சாதி கேட்காதாம்.
இந்த ஜில்லாவிலா என்று கேட்க வந்தது.
கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாய் விற்கிறேன்.
கொல்வதற்கு நாங்கள் வைத்த பெயர் மருந்து.
ஒருமுறை, அது வேறு மருந்து, வேறு டப்பா,
சட்டைப்பையில் என் கடை பில்லோடு ஒருவனை
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.
பதினோரு நாள் கிடந்தான்.
இந்த மண் ஒன்பது வருடம் குடித்திருக்கிறது.
எதெது செத்ததோ எனக்குத் தெரியாது.
பிழைத்தது பசியாறப் பழகிக்கொண்டது.

எல்லாவற்றையும் தின்றுவிடாது என்றும் சொன்னார்.
வரப்பில் நாங்கள் எறிந்த டப்பா வரப்பிலேயே கிடக்கும்.
மழையோடு கிணற்றுக்குள் இறங்கிவிட்டதைத்
துரத்திப் போக
அந்த ஆழத்தில் ஆள் குறைவு.

முப்பிடாதியிடம் சொன்னேன்.
தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.
“அப்போ கண்ணுக்குத் தெரியாத ஆளுக
எங்காட்டுல வேல பாக்கு.
கூலி யாரு குடுக்கா?”
தட்டையை எரிக்காமல் மடக்கி உழணும்,
எரு போடணும், அதுதான் கூலி என்றேன்.
ஒரு டிராக்டர் எரு விலையை
வாய்க்குள் கணக்குப் போட்டாள்.

“சரி, அவிய மருந்தத் திங்காவ.
சாரணையை யாரு திம்பா?”

களைக்கொத்து என் கடையில் கிடையாது.
இரண்டு கடை தள்ளி இரும்புக்கடையில் உண்டு.
அங்கே போனாள்.

நோட்டில் அவள் பெயருக்கு நேரே
‘மருந்து கேட்கவில்லை’ என்றிருந்தது.
அடித்தேன்.
அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
அலமாரியில் நாற்பது பாக்கெட் இருப்பு.
காலாவதி மார்ச்.
கம்பெனிப் பையன் இரண்டு தடவை
போன் அடித்துவிட்டான்.